வஜீஹா டெய்லர்ஸ் குடும்பம்

எங்கள் வஜீஹா ஆபா இத்தனை வருஷத்தில் சொன்ன பொய்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு வாக்கியம்தான் தேறும்: "உங்களுதுதான் மெஷின்ல கீது." மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், ஒற்றை மெஷினோடு பன்னிரண்டு வருஷமாக ப்ளவுஸ் தைக்கிற என் அக்கா அவள். கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இதைச் சொல்வாள். அவர்களும் நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். தையல் கடையில் இதை யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம் எதிரில் ஏசி போட்ட ஒரு பொட்டீக் வந்தது. நான்கு மெஷின். தைத்ததை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இரண்டே மாதத்தில் பதினைந்து பேர் அங்கே போய்விட்டார்கள். இன்னும் பத்துப் பேர் போனால் கடையை மூடிவிட்டு, ஆதம்பாக்கத்தில் ஏதாவது கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்க வேண்டியதுதான் என்றாள் ஆபா. சொல்லிவிட்டுச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

நான் புஷ்ரா. அடையாறில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் கடைகளுக்கெல்லாம் ஆன்லைனில் கூட்டம் சேர்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சொந்த அக்காவுக்குச் செய்யாமல் என்ன? பில் புக்கில் இருந்த நாற்பத்தோரு நம்பரையும் அள்ளி ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'வஜீஹா டெய்லர்ஸ் குடும்பம்' என்று பெயரும் வைத்தேன். நம்பர் யாருடையது என்று பார்க்கத்தான் தோன்றவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் கடையில் நம்பர் கேட்டால் வீட்டுக்காரர் நம்பரைத்தான் சொல்வார்கள். ஆகவே ப்ளவுஸ் குரூப்பில் சரிபாதி மீசைக்காரர்கள்.

முதல் நாள் காலை வணக்கமும் ரோஜாப்பூ படமுமாக அமைதியாகப் போனது. இரண்டாம் நாள், பாட்டு டீச்சர் மஹதி தன் ப்ளவுஸ் என்ன ஆயிற்று என்று குரூப்பிலேயே கேட்டாள். ஆபா பழக்க தோஷத்தில் குரல் பதிவை அமுக்கி, "உங்களுதுதாம்மா மெஷின்ல கீது, கழுத்து வச்சிக்கினு கீறேன்" என்று நாற்பத்தோரு பேருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

உடனே கோட்டூர்புரத்து அம்மா ஒருவர், காலையில் தன் ப்ளவுஸ்தானே மெஷினில் இருந்தது என்று கேட்டார். இன்னொருவர் திங்கட்கிழமையிலிருந்து தன்னுடையது அங்கே இருப்பதாக எழுதினார். பத்து நிமிஷத்தில் அந்த ஒற்றை மெஷினில் பதினோரு ப்ளவுஸ் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆபாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே விஜயலக்ஷ்மி மாமி பெரிய பையோடு கடைக்கு வந்துவிட்டார். மஹதியின் பக்கத்து வீடு. விஷயத்தை அவள் மொபைலில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதி மாமி சொல்லி வந்தவர்கள். மாமி போனால் அவர் தெருவே போய்விடும்.

"வெள்ளிக்கிழமை எங்காத்துல பேரனுக்குப் பூணூல். நீ என்னை ஏமாத்திண்டே இருக்கே. என் துணி ஆறையும் எடு வஜீஹா, எதிர்க்கடையில குடுத்துக்கறேன்."

அந்த நேரம் பார்த்து என் போன் அதிர்ந்தது. குரூப்பில் சண்டை வலுத்ததைப் பார்த்து மனசு கேட்காமல் ஒருவர் சமாதானம் செய்ய இறங்கியிருந்தார். வேறு யாருமில்லை, மாமியின் வீட்டுக்காரர் ராஜகோபாலன் சார்தான். யாரும் கோபப்பட வேண்டாம், தங்கள் வீட்டுப் பூணூலுக்கே இன்னும் நாள் இருக்கிறது, அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி, எல்லோரும் குடும்பத்தோடு அவசியம் வர வேண்டும் என்று எழுதி, பத்திரிகையின் படத்தையும் போட்டிருந்தார். அவரைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களுக்கும் உண்மை பேசுகிற வேகம் வந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி கல்யாணம் என்று ஆபாவை விரட்டிக்கொண்டிருந்தது ஷஃபியுல்லா பாயின் மனைவி. பாயோ, மண்டபமே இன்னும் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். இப்படியே ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தலை போகிற அவசரத்தில் இருந்த ஒருவர் வீட்டிலும் இந்த வாரம் எந்த விசேஷமும் இல்லை.

போனை ஆபாவிடம் நீட்டினேன். உரக்கப் படி, மாமி வாயடைத்துப் போகட்டும் என்று கண்ணாலேயே சொன்னேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஆபா முழுதும் படித்தாள். பிறகு போனைத் துணிக் குவியலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"மாமி, உங்க துணிய இன்னும் வெட்டவே இல்ல. ஒரு மாசமா பொய் சொல்லிக்கினு கீறேன். மன்னிச்சிக்கோங்க."

இப்படி ஒரு பேச்சை அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை. மாமி மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பூணூல் வெள்ளிக்கிழமை இல்லேடி. அடுத்த மாசம். உங்கிட்ட சரியான நாளைச் சொன்னா நீ அதையும் தாண்டிடுவேன்னுதான் முன்னாடியே சொன்னேன்."

முதலில் சிரித்தது ஆபாதான். பிறகு மாமியும் சிரித்தார். துணி இங்கேயே இருக்கட்டும், கை மட்டும் கொஞ்சம் நீளமாக வை என்றார். நான் அழுதுவிட்டேன். ஆபா இன்றைக்கும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறாள்.

ஆனால் நான் ஆபா அளவுக்கு நல்லவள் இல்லை. போனை உருவி எடுத்து, உங்கள் வீட்டுக்காரர் எழுதியிருப்பதைப் பாருங்கள் மாமி என்று கொடுத்தேன். பத்திரிகைக்குக் கீழே முப்பத்து நான்கு குடும்பங்கள் 'அவசியம் வருகிறோம்' என்று பதில் போட்டிருந்தன. ஷஃபியுல்லா பாயின் மனைவி அவர் போனைப் பிடுங்கி, தான் பூணூல் பார்த்ததே இல்லை, பிள்ளைகளோடு வருகிறேன் என்று எழுதியிருந்தார். மாமி உதடு அசைய எண்ணிப் பார்த்தார். சமையல்காரரிடம் இருநூறு பேர் என்றுதானே சொல்லியிருக்கிறோம் என்று முனகியபடி, பையைக்கூட மறந்து ஆட்டோவைத் தேடி ஓடினார்.

ஆபா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். குரூப்பில் அடுத்து வந்ததை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முப்பத்து நான்கு வீட்டிலும் பூணூலுக்குப் புது ப்ளவுஸ் வேண்டுமாம், இருபத்தைந்தாம் தேதிக்குள். சிரிப்பு நின்றது. இந்தத் தடவை தேதியில் யாரும் பொய் சொல்லவில்லை.