ஜெசிந்தா அக்கா வீடு திரும்பினாள்

எங்கள் மருத்துவமனையில் மார்புப் புற்றுநோய்க்கான மருந்து தனியாக வருவதில்லை. எந்தப் பெண்ணின் உடம்பில் அதைச் சோதித்துப் பார்த்தார்களோ, அந்தப் பெண்ணும் கூடவே வந்து பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொள்வாள். என் அக்கா ஜெசிந்தாவின் மருந்தோடு இங்கிரித் என்ற வெள்ளைக்காரி வந்தாள். அவள் கால்கள் கட்டிலைத் தாண்டி ஒரு முழம் நீண்டிருந்தன.

மருந்து அக்காவின் நரம்பில் ஏறியது. இங்கிரித்தின் கட்டி கரைந்தது. அக்காவுக்கு முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணானது. இங்கிரித்துக்கு நன்றாகப் பசித்தது. என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன், நாற்காலியை மாற்றி மாற்றிப் போட்டேன், கடைசியில் ஸ்டெல்லா சிஸ்டரை வழிமறித்து, ஏன் இப்படி என்று கேட்டேன்.

“மருந்து அவங்க ஒடம்புலதான் பழகியிருக்கு,” என்றார் சிஸ்டர். “அவங்க கட்டிக்குக் கதவு இருக்கு, தட்டுனா தெறக்குது. ஒங்க அக்காவுக்கு நாலு பக்கமும் சுவரு.”

“எங்கள மாதிரி ஆளோட வர்ற மருந்து இல்லையா?”

“வந்தா சொல்றேன்.”

இங்கிரித் நல்லவள், அதுதான் இன்னும் எரிச்சல். ஊசி போடும்போதெல்லாம் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வாள். அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

கடைசி ஊசிக்குப் பிறகு பெரிய டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். இங்கிரித்தின் ஸ்கேன்.

“மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு. ஜெசிந்தாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றார்.

குணமானவள்தானே வீட்டுக்குப் போக முடியும். அக்கா தன் செருப்பையும் சாவியையும் இங்கிரித்திடம் கொடுத்தாள். “எம் மவ ஷைனிக்கு ரெட்டச் சடை போடணும். அவ அப்பாவுக்கு உறைப்பு ஆவாது,” என்று சொல்லி அனுப்பினாள்.

இங்கிரித்தை ஆட்டோவில் கூட்டிப் போனேன். அத்தான் வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டார். “நல்லா தேறிட்ட, ஜெசிந்தா,” என்றார். ஷைனி சீப்பை எடுத்துவந்து இங்கிரித்தின் மடியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் மருத்துவமனைக்குத் திரும்பினேன்.

பக்கத்துக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அக்கா எழுந்து உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள்.

“ஏட்டி, நான் பத்திரமா வீட்டுக்குப் போயிட்டேனா?”

“போயிட்ட.”

“ஷைனி என்னத் தேடுனாளா?”

“தேடலக்கா,” என்றேன். “நீதான் அவ பக்கத்துலயே இருக்கியே.”