ஆன்சனுக்கு வைத்த மீசை

என் தம்பி ஆன்சனுக்கு மீசை சரியாக முளைக்காது. இருபத்து நான்கு வயதிலும் பூனைமுடிதான். அதை வைத்து வீட்டில் நாங்கள் செய்யாத கேலி கிடையாது. மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் அவனுக்கு அய்யனார் மீசை வைத்திருந்தார்கள். கையில் துப்பாக்கி. உடம்பு யாருடையதோ, கழுத்துக்கு மேலேதான் என் தம்பி. "எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய மாவீரனுக்கு முதலாம் ஆண்டு வீரவணக்கம்" என்று எழுதியிருந்தது.

ஆன்சன் ராணுவத்தில் சமையல்காரன். மலை உச்சியில் காவல் இருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன லாரி பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. பின்னால் சாம்பார் அண்டா கவிழாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் என்று, பிழைத்துவந்த டிரைவர் போனில் சொன்னார். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

விழா நடத்துகிற ராஜபாண்டி கட்சிக்காரர். போன மாதம் வீட்டுக்கு வந்து போட்டோ கேட்டார். வெள்ளைத் தொப்பியும் கையில் கரண்டியுமாக, அடுப்புக்குப் பக்கத்தில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை அம்மா எடுத்துக் கொடுத்தாள். "இதையே போடுங்க தம்பி. இதுலதான் அவன் அவனா இருக்கான்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஒரு வருஷமாக மாதா கோவிலைத் தவிர எங்கும் போகாதவள், மகனைப் பெரிய படத்தில் பார்க்கலாம் என்று இன்றைக்குக் கிளம்பியிருக்கிறாள். ஆண்டுப் பூசை முடிந்ததும் ஆட்டோவில் வந்துவிடுவாள். அதற்குள் இதைக் கழற்ற வேண்டும்.

ராஜபாண்டி பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாங்க குடுத்த படம் எங்க?"

"அதுலருந்துதான் டீச்சர் மூஞ்சிய எடுத்துருக்கு. மதுர சிம்மக்கல்லுல நல்லா செஞ்சு குடுத்துட்டான்ல?"

"அவன் குக்குண்ணே. ஒருத்தரையும் சுடல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "கரண்டியோட போட்டா சனங்க சிரிக்கும் டீச்சர். நம்ம ஊருப் பயலுக்கு நாமதான மரியாத தேடிக் குடுக்கணும்."

"சோறு திங்காமத்தான் எல்லாரும் துப்பாக்கி தூக்குறாகளா? கழட்டுங்க."

"மாவட்டச் செயலாளர் வர்ற நேரம். சும்மா இருங்க."

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, இழவு வீட்டில் பிணம் என்பார்களே, அந்த ரகம். ஃப்ளெக்ஸில் என் தம்பி முகத்தைவிட அவர் முகம் பெரிதாக இருந்தது. நானே கயிற்றை அவிழ்க்கப் போனேன். இரண்டு பேர் குறுக்கே நின்றுகொண்டார்கள். கெட்ட வார்த்தை பேசிப் பழக்கமில்லை, பேசினேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற வாய் இது என்று ஒருத்தன் சிரித்தான்.

அப்போது ஆட்டோ வந்து நின்றது.

அம்மா இறங்கி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை தேடினாள். ராஜபாண்டி பூத்தட்டோடு ஓடிவந்தார்.

"அம்மா, நீங்கதான் மொதப் பூவு வைக்கணும்."

அம்மா தட்டைத் தொடவில்லை. துப்பாக்கி பிடித்திருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ள யாரு தம்பி?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீக? நம்ம ஆன்சன்மா."

"இல்ல தம்பி. எம் மகன் கை எனக்குத் தெரியாதா? அவன் வலது கையில எண்ணெ பட்ட தழும்பு இருக்கும். இது வேற புள்ள. இவனப் பெத்தவளும் எங்குட்டோ இருப்பாள்ல? அவளுக்குத் தாக்கல் சொல்லிவிட்டீகளா?"

என் கோபத்துக்கு அசையாத மனுஷன் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, அந்தக் கைகளை அண்ணாந்து பார்த்தார். அந்த நிமிஷம் அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

"வா ஜெனி, கல்லறைக்குப் போவோம்" என்றாள் அம்மா.

எங்கள் ஊர் டவுன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்தோம். மாவட்டச் செயலாளரின் கார் வந்ததும் வேட்டு போட்டார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, விழா தொடங்கிவிட்டது.

"வீரத்தாய் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்று மைக் கத்தியது. மறுபடியும் அழைத்தது. மூன்றாம் முறையும் அழைத்தது.

அம்மா ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளயோட ஆத்தாளத்தான் கூப்புடுறாக. பாவம், அவ இன்னும் வந்து சேரல போல."