அஞ்சலாட்சி ஊற்றிய எண்ணெய்

மோட்டார் குடிப்பதைத்தானே காரும் குடிக்கும் என்று நினைத்துக்கொண்டாள் அஞ்சலாட்சி. அப்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை. அப்படி இல்லை என்றும் சொன்னதில்லை. வயலுக்குப் போகும்போது அவள் கணவர் காசிநாதன், "மோட்டாருக்கு எண்ணெய் ஊத்திட்டு வரேன்" என்பார். கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பும்போது, "வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கினு வந்துடறேன்" என்பார். ஒரே வாய், ஒரே சொல். காரில் எண்ணெய் அளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் கொட்டகையில் தகர டின் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அம்பாசிடரின் பின்பக்க மூடியைத் திருகி, புனலை வைத்து, டின்னைக் கவிழ்த்தாள்.

பின் சீட்டில் டிரைவர் சடையன் கண்களை மூடிக்கொண்டு கிடந்தான். அவனுடைய வலது முன்கையில் அவள் சுற்றிய துண்டு சிவப்பாக நனைந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாத நாட்களில் தண்ணீர் இறைக்கும் ஆயில் மோட்டாரைக் கைப்பிடி போட்டுச் சுற்றும்போது, அது திருப்பி அடித்துவிட்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. கட்டுப் போடும் வைத்தியரிடம் போகிற காயமில்லை அது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

எண்பத்தேழாம் வருடம், செப்டம்பர் மாதம். இருபது சதவீத இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். அன்று மூன்றாம் நாள். பஸ் கிடையாது. ஊரில் ஆண்கள் கிடையாது. முதல் நாளே உளுந்தூர்பேட்டை முச்சந்தியில் கைதான காசிநாதன் கடலூர் ஜெயிலில் இருந்தார். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரிலிருந்து மாட்டு வண்டியில் போனால் பொழுது சாய்ந்துவிடும்.

காரை அவள் ஓட்டியிருக்கிறாள், களத்துக்குள். நெல் காயப் போடும்போதெல்லாம் நடுவில் நிற்கும் காரைத் தள்ளி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் சடையனைத் தேடிப் போவதற்குச் சலித்து, ஒருநாள் அவளே ஏறிச் சாவியைத் திருப்பினாள். முதல் கியர், ரிவர்ஸ். நான்கு அறுவடையில் இரண்டாவது கியரும் பழகியிருந்தது. களம் அவ்வளவுதான் நீளம்.

சீட்டில் உட்கார்ந்ததும் பயம் வந்தது. பயத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவர் ஊரில் இல்லை என்பதுதான் அது. கணவன் ஜெயிலில் இருக்கும்போது ஒருத்திக்கு வரக்கூடிய நினைப்பா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நினைப்பு போகவில்லை. வண்டி நகர்ந்தது.

"மூணாவது போடுங்கம்மா. இப்பிடியே போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றான் சடையன், கண்ணைத் திறக்காமல்.

"எனக்கு மூணாவது தெரியாது சடையா."

"ரெண்டாவது தெரியும்போது மூணாவது இன்னாம்மா. கிளட்ச்ச மிதிங்க. கம்பிய உங்க பக்கம் இழுக்காம அப்பிடியே விட்டு மேல தள்ளுங்க. ஆங்."

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த கம்பி ஒரு வழுக்கலில் போய் உட்கார்ந்தது. என்ஜின் அலறலை நிறுத்திவிட்டு அமைதியாகப் பேச ஆரம்பித்தது. இருபுறமும் கரும்பு பின்னால் ஓடியது. மேற்கே கல்வராயன் மலை வெளிர்நீலமாகக் கிடந்தது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இத்தனை வருடத்தில் அவள் கையால் எதுவும் இவ்வளவு வேகமாகப் போனதில்லை.

"சின்ன வயசுல மலையில ஓட்டினியே, இப்பிடித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். சடையன் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரன். கடுக்காய் மூட்டை ஏற்றும் ஜீப்பில் வண்டி பழகியவன்.

"அங்க ஒரு பக்கம் பள்ளம்மா. சந்தோசப்பட ஏது நேரம்" என்றான் அவன்.

ஐந்து மைல் போயிருப்பார்கள். என்ஜின் ஒருமுறை இருமியது. பிறகு விடாமல் இருமியது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் சாலையே தெரியாமல் வெள்ளைப் புகை. டப் டப்பென்று சைலென்சர் வெடித்தது. கார் நொண்டி நொண்டிப் போய் ஒரு புளிய மரத்தடியில் நின்றுவிட்டது.

சடையன் காற்றை முகர்ந்தான். எழுந்து உட்கார்ந்தான்.

"அம்மா. இன்னா எண்ணெய் ஊத்தினீங்க?"

"மோட்டாருக்கு ஊத்தறதுதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் வலியும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"அது டீசலும்மா. இது பெட்ரோல் வண்டி."

காதெல்லாம் சூடானது அஞ்சலாட்சிக்கு. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட இரண்டு நாள் பேச்சு வரும். இங்கே ஒருவனின் கை போகும் நேரத்தில் காரையே கெடுத்துவிட்டாள். ஆனால் அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"ஊத்தினத எறக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும். ஆனா எனக்குக் கை இல்லியே."

"எனக்கு ரெண்டு இருக்குது. நீ சொல்லு."

டிக்கியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, காருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். டேங்க்கின் அடியில் ஒரு நட்டு. அவன் ஜன்னல் வழியாகச் சொல்லச் சொல்ல, முழு பலத்தையும் போட்டுத் திருகினாள். மூன்று தடவை ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. நாலாவது தடவை நட்டு கொடுத்தது. எண்ணெய் முழங்கைக்குள் ஓடி, கழுத்தில் வழிந்து, மண்ணில் இறங்கியது. இதை நான்தான் ஊற்றினேன், நான்தான் இறக்குகிறேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் வெட்கம் பாதிதான் இருந்தது.

பிறகு நட்டைத் திரும்ப முடுக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்தாள். நான்கு பிளக்கையும் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அதுல ஒண்ணு கீழ வுழுந்து ஒடஞ்சுதுன்னா நடந்துதாம்மா போவணும்" என்றான் சடையன். அவள் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள்.

இனி பெட்ரோல் வேண்டும். இரண்டு பர்லாங் தள்ளி, தியாகதுருகம் சாலையின் குறுக்கே ஒரு புளிய மரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் நூறு நூற்றைம்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலாட்சி டிக்கியில் போட்டு வந்த காலி டின்னை எடுத்துக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தாள். கல்யாணத்திலும் கருமாதியிலும்கூட ஆண்கள் கூட்டத்துக்குள் அவள் தனியாகப் போனதில்லை. கையும் கழுத்தும் கறுப்பாக, சேலை எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, அப்படியே போய் நின்றாள்.

"யார்ரா இது, எண்ணெய்ச் சட்டியில வுழுந்து எழுந்தாப்ல!" என்றது ஒரு குரல்.

"டேய், வாய மூட்றா. நம்ம காசிநாதண்ணன் வூட்ல" என்று எழுந்தான் சின்னதுரை. தியாகதுருகத்தில் வெல்லம் காய்ச்சுகிறவன். மறியல் நடத்தும் சங்கத்தில் காசிநாதனோடு வேலை பார்ப்பவன். "இன்னா அண்ணி இது?"

சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள், டீசல் ஊற்றியதையும். பிறகு சிரிப்பு வெடித்தது.

"அண்ணி, அடுத்த வாட்டி புண்ணாக்கு போட்டுப் பாருங்க! பால் கறக்கும்!"

"கறந்தா உனக்கும் ஒரு சொம்பு தரேன். இப்ப பெட்ரோல் குடு" என்றாள் அஞ்சலாட்சி. தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளே திகைத்தாள். சிரிப்பு இன்னும் பெரிதாகி, அதற்குள் ஆறேழு பேர் தங்கள் மொபெட்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். டியூப் வைத்து உறிஞ்சி, துப்பி, டின்னில் விட்டார்கள். ஒருவன் காறிக்காறி உமிழ்ந்துகொண்டே, "இருபது சதவீதம் வாங்கறமோ இல்லியோ, வவுத்துல நெருப்பு புடிக்காம இருந்தா சரி" என்றான்.

கார் நாலாவது முயற்சியில் இருமியது. ஐந்தாவதில் புகை தள்ளியது. ஆறாவதில் பிடித்துக்கொண்டது. கிளைப் பக்கம் கயிறு கட்டி மரத்தை இழுத்து, ஒரு கார் நுழையும் அளவுக்கு வழி விட்டார்கள். அந்தச் சந்தில் காரை நுழைத்தபோது இரு பக்கமும் ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இலைகூட உரசவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையைப் பார்த்துவிட்டு, "அடி யாருக்கும்மா, உனக்கா?" என்று கேட்டாள்.

"அவனுக்கு. இது டீசலு. பெட்ரோல் வண்டியில தப்பா ஊத்திட்டேன். அப்புறம் கழட்டி எறக்கினேன்."

"யாரு, நீயா?"

"நான்தான்."

நர்ஸ் இன்னும் ஒருமுறை கேட்க மாட்டாளா என்றிருந்தது.

சடையனின் கை தப்பியது. மாவுக்கட்டோடு அவன் மலைக்குப் போய்விட்டான். பன்னிரண்டாம் நாள் காசிநாதன் வந்தார். இளைத்து, தாடியோடு வந்தவரை வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. எங்கள் ஜனத்தையும் கணக்கில் சேர் என்று கேட்டு ஜெயிலுக்குப் போனவர். இவர் என் புருஷன் என்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

வந்த மூன்றாம் நாள் சாயந்திரம் அவர் அடுக்களைக்கே வந்து மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்தாண்ட எங்களுக்கு மாலை போடறாங்க. மேடையில பேசச் சொல்றாங்க."

"தெரியுங்க. பக்கத்து வூட்ல சொன்னாங்க."

"மறியல்ல என் வண்டியே ரோட்ல போச்சின்னு நாலு பேர் பேசறான். போனாக்கூடப் பரவால்ல, பொம்பள ஓட்டிக்கினு போனான்னு சிரிக்கறான். டீசல ஊத்தினான்னு அதுக்கு மேல சிரிக்கறான்." அவர் கோபமாகப் பேசவில்லை. களைத்துப் போய்ப் பேசினார். "ஒண்ணுமில்ல அஞ்சல. சடையன்தான் வண்டிய எடுத்தான். அவன்தான் மறதியா டீசல ஊத்தினான். வண்டி நின்னு போச்சி. கைப்பிடி போட்டுச் சுத்தும்போது காரு அடிச்சி கை ஒடஞ்சிது. மறியல்காரங்களே ஆஸ்பத்திரிக்கு வழி வுட்டாங்க. யாருக்கும் கெட்ட பேரு இல்ல."

எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பார்த்தாள். உடைந்த கைக்கும் இடம் இருந்தது, நின்ற காருக்கும் இடம் இருந்தது. அவளை உருவி எடுத்த இடத்தில் ஒரு தையல்கூடத் தெரியவில்லை.

"சின்னதுரையும் அவன்கூட மறியல்ல இருந்தவங்களும் வாயத் தொறக்க மாட்டாங்க. பேசிட்டேன். சடையன் மலையில கெடக்கறான், அவன யாரு போய்க் கேக்கப் போறான்? ஆளு அனுப்பிக் கேட்டதுக்கு, நானே ஊத்தினதா இருக்கட்டுங்கன்னு சொல்லிட்டான். நீ ஒருத்திதான் பாக்கி. நாளைக்குப் பொம்பளைங்க கேட்டா இப்பிடித்தான்னு சொல்லிடு."

பெட்ரோல் வண்டியில் டீசல் ஊற்றியவன் என்று பெயர் வாங்கிய டிரைவரை வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? அதை அவளால் சொல்ல முடியும். ஏழைக்காகப் பேசினாள் என்று ஆகும்; அவரும் அதற்கு மடங்கிவிடக்கூடும். ஆனால் அது முழு உண்மையில்லை. அடிமனத்தில் கையை விட்டுத் துழாவினாள். அகப்பட்டது சடையன் இல்லை, அவளேதான். தப்பை அவனுக்குக் கொடுத்துவிட்டால், அந்த வழுக்கி விழுந்த மூன்றாவது கியரையும் கொடுத்துவிட வேண்டும். நட்டையும், நான்கு பிளக்கையும், நூற்றைம்பது பேருக்கு நடுவில் நடந்ததையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். இதைத் தனியாக, அதைத் தனியாகப் பிரித்துத் தர வழியில்லை. அவள் வாழ்க்கையில் அவளே செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ள இவ்வளவு பெரியது வேறு இல்லை.

"இன்னா யோசன? ஒரு வார்த்ததான."

"ஆமாங்க, ஒரு வார்த்ததான்" என்றாள்.

"அப்ப சொல்லிடுவ."

"இல்லீங்க. கேட்டா நான்தான் ஊத்தினேன்னு சொல்லுவேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. இலையைத் துடைத்து அவர் முன்னால் விரித்துவிட்டு, சோற்றுப் பானையை இறக்கத் திரும்பினாள்.