மூன்றாம் கேமராவின் தும்மல்

கேப் டவுனில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு, கண்ணுகளா. எதையும் கண்டுபிடிப்பதற்கு முன்பே கேக் வாங்கிவிடுவார்கள்.

அன்றும் கேக் வந்தது. மேலே நாற்பத்தொரு வெள்ளி நட்சத்திரங்கள். எல்லாம் பேராசிரியர் லோரன்ஸ் வோஸ்லூ கண்டுபிடித்தவை. காரூ வெட்டவெளியில் ஒரு குன்றின் மேல் நான்கு கேமராக்கள் இரவெல்லாம் வானத்தைப் படம் பிடிக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை விம்மித் தணிகிற நட்சத்திரங்களை அந்தப் படக்குவியலில் தேடுவது அவர் வேலை. அதாவது, தேடுவது ஆய்வு மாணவி லின்டெல்வா, கிடைப்பது அவருக்கு.

"நாப்பத்தொண்ணும் ஏழு நிமிஷம் அம்பத்தொம்பது விநாடிக்கு ஒரு துடிப்பு. என்ன ஒழுக்கம் பாத்தியா லின்டெல்வா! இது புது இனம். வோஸ்லூ இனம்."

பெயர் வைக்கிற விஷயத்தில் மட்டும் அவர் காத்திருக்கமாட்டார்.

லின்டெல்வாவிடமும் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. பதினொன்றே முக்கால் நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. பெரிய தொலைநோக்கியில் பார்த்து உறுதி செய்தால்தான் அவளுக்கு முனைவர் பட்டம். அதற்கான விண்ணப்பம் அன்று மாலை ஐந்து மணிக்குள் போகவேண்டும். தவறினால் நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். அது திரும்பி வரும்போது அவளுடைய ஆய்வுக்காலம் முடிந்திருக்கும். பேராசிரியரோ விண்ணப்பப் பட்டியலிலிருந்து அதை அடித்துவிட்டார். இனத்தோடு சேரவில்லையாம்.

"புரொஃப், நாப்பத்தொண்ணும் மூணாம் கேமராவுலதான் துடிக்குது. அதுல பாதியை ரெண்டாம் கேமராவும் பாக்குது. அந்தக் கேமராவுல ஒண்ணுகூடத் துடிக்காம சும்மா கிடக்கு."

"ரெண்டாம் கேமராவுக்குக் கண்ணு மந்தம்."

"தெருவுல நாப்பத்தோரு பேரு ஒரே தாளத்துல இருமினா, அது குடும்பமில்ல புரொஃப், புகை."

"அப்ப நான்தான் புகைன்றியா?"

"நான் சொல்லலியே. நீங்களாத்தான் சொல்றீங்க."

மணி நான்கைத் தாண்டியது. லின்டெல்வா எல்லோர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டு, குன்றில் இருக்கும் மெக்கானிக் ஊம் டாவித்தை அழைத்தாள். ஊம் என்றால் இங்கே மாமா. நீங்கள் கதைக்குக் கொட்டுகிற 'உம்' இல்லை.

"ஊம் டாவித், மூணாம் கேமராவுல ஏதாவது கோளாறா? ஏழு நிமிஷத்துக்கு ஒரு தரம்..."

"ஏழு நிமிஷம் அம்பத்தொம்பது விநாடியா?"

கேக் வெட்டப்போன கத்தி அப்படியே நின்றது.

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"கேமராவைத் திருப்புற வார்ம் கியர் பொண்ணே அது! வானத்தோட சேந்து சுத்துற பெரிய சக்கரத்துக்கு நூத்தியெண்பது பல்லு. ஒரு பல்லு நகர திருகு ஒரு சுத்து சுத்தணும், அதுக்கு அவ்வளவு நேரம். ஒரு பக்கம் தேஞ்சிருக்கு, அதனால சுத்துக்கு ஒரு தும்மல், படமும் ஆடும். கிரீஸ் வேணும்னு மார்ச்சுலயே எழுதிப் போட்டேன். அங்க எவன் படிச்சான்?"

பேராசிரியர் கேக்கைப் பார்த்தார். நாற்பத்தொரு திருகுகள் அவரைப் பார்த்துப் பளபளத்தன.

"நானும் ஆரம்பத்துலேருந்தே சந்தேகப்பட்டேன்" என்றார். சந்தேகப்படுகிறவர்தான் கேக்கில் இனத்தின் பெயரையும் எழுதச் சொல்லியிருந்தார், பாவம். பிறகு விண்ணப்பத்தை இழுத்து, அடித்த நட்சத்திரத்தை மறுபடி எழுதி, பக்கத்தில் முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டார்.

லின்டெல்வா பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பத்தொண்ணுக்கு உங்க பேரே முதல்ல இருக்கட்டும், புரொஃப். இந்த ஒண்ணுக்கு என் பேரு."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா வோஸ்லூ இனத்தைப் பத்திப் போற இடமெல்லாம் பெருமையாச் சொல்லுவேன்."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவர் தன் பெயரை இரண்டாவதாக எழுதிக் கையெழுத்திட்டார். கேக் நன்றாகவே இருந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

பெரிய தொலைநோக்கியிலும் அந்த நட்சத்திரம் பதினொன்றே முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை, பிசகாமல் துடித்தது. கட்டுரை லின்டெல்வாவின் பெயரை முன்னால் வைத்து வெளிவந்தது. கடைசி வரியில், 'ஆழ்ந்த தொழில்நுட்பக் கலந்தாலோசனைக்காக' டாவித்துக்கு நன்றி சொல்லியிருந்தார் பேராசிரியர்.

மறுநாளே குன்றிலிருந்து போன் வந்தது.

"ஆலோசனை கிடக்கட்டும் புரொஃப். கிரீஸ் எங்க?"