கிராங்க்கில் கை வைப்பதா?

படகின் எஞ்சின் லேத் பட்டறைத் தரையில் அக்கு வேறு ஆணி வேறாகக் கிடந்தது. பிரித்தவன் தம்பி. பிரிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சேர்ப்பதைப் பற்றி இப்போது பேசாமல் இருப்பதே நல்லது.

"போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட்டு, எல்லாத்தையும் பண்ணிடுங்கண்ணே. பாதி வேலை பாத்தா எனக்குத் தூக்கம் வராது," என்றான் லேத்காரரிடம்.

"தூக்கம் உனக்கு, படகு எனக்கு," என்றாள் அக்கா. ஆற்றில் ஆட்களை ஏற்றி இறக்கிப் படகு ஓட்டுகிறவள் அவள்தான்.

லேத்காரர் யார் பக்கமும் சாய்கிற ஆள் இல்லை. "சொல்றதச் செய்யுறேன். ஆனா கடைஞ்சது கடைஞ்சதுதான். திரும்ப ஒட்ட வைக்க என்னால ஆகாது," என்று டீயை உறிஞ்சினார்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் தகராறு இல்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரிந்தது, சமப்படுத்தத்தான் வேண்டும். எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்கில்தான் அக்கா கை வைக்க விடவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை கடைந்த கிராங்க் அது. இன்னும் ஒரு தடவை கடைந்தால் அந்த அளவுக்குப் பேரிங் கிடைக்கும். அதற்கு மேல் கிடைக்காது. அந்தக் காலத்து எஞ்சின், வேறு கிராங்க்குக்கும் வழியில்லை. படகு ஓட முடியாமல் கரையேறிவிட்டால் அவள் போய் உட்கார வேண்டியது கணவரின் அண்ணன் துணிக்கடைக் கல்லாவில். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் "எப்பம்மா வர்றே?" என்று கேட்காமல் போனதில்லை. நாளெல்லாம் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து சில்லறை கொடுப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டும்.

"சிலிண்டரக் குடையுற போரிங் எதுக்குடா?"

"சிலிண்டர் மேல்பக்கம் தேஞ்சு விளிம்பு கட்டியிருக்கு. நகம் தட்டுது பாரு."

அக்கா மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தாள். விளிம்பு துணியோடு வந்துவிட்டது. வெறும் கரி. லேத்காரர் முகத்தை டம்ளருக்குள் மறைத்துக்கொண்டார்.

தம்பி அசரவில்லை. புதிதாக வாங்கிய மைக்ரோமீட்டரை எடுத்து, கிராங்க்கில் பிஸ்டன் ராடுகள் பிடிக்கும் மூன்று இடங்களையும் அளந்தான். "மூணும் அச்சு அசல் ஒரே அளவு தேய்மானம். இதுக்கு என்ன சொல்ற?"

"ஒரே அளவா? ஒரு ஜோடிச் செருப்பே ஒரே மாதிரி தேயாது. கடைசி இடத்துக்கு எண்ணெய் லேட்டாத்தான் போகும். அது எப்படி மத்ததோட சேர்ந்து ஒழுங்கா தேயும்? மைக்ரோமீட்டர் பெட்டியில, அதச் சரிபாக்க ஒரு அளவுக் கம்பி வந்திருக்கும், எடு."

கம்பி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. அதை அளந்தால் மைக்ரோமீட்டர் கம்பியின் அளவையே குறைத்துக் காட்டியது.

"இத வச்சு வேற என்ன பண்ணின?"

தம்பி தலையைச் சொறிந்தான். "பாப்பாவோட பொம்மைக்குக் கால் ஒட்டினேன். பசை காயுற வரைக்கும் அசையாம இறுக்கிப் புடிக்க வேற ஒண்ணும் ஆப்படல."

லேத்காரர் தன்னுடைய மைக்ரோமீட்டரைக் கொடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரிக்க வெளியே போனார். தம்பியும் கை கழுவுகிற சாக்கில் நழுவினான். அக்கா அளந்தாள். முதல் இடம் சுத்தம், தேய்மானமே இல்லை. இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதும் சரியாகவே காட்டியது. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு கருவியைக் கிராங்க்கைச் சுற்றிக் கால்வட்டம் நகர்த்தி, மூன்றாவதை மறுபடி அளந்தாள். அளவு குறைந்தது. மீண்டும் அளந்தாலும் அதேதான். அந்த இடம் வட்டம் போய் முட்டையாகியிருந்தது.

பட்டறையில் யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மூடிக்கொள்ளத்தான் மனசு சொன்னது.

தம்பி திரும்பி வந்தான். "நீ சொன்னதுதான்க்கா சரி. பாலிஷ் போட்டா போதும், என்ன?"

"மூணாவதக் கடையணும்டா."

"சேச்சே, அதெல்லாம் வேணாம்." எல்லாவற்றையும் கடையச் சொன்னவன் இப்போது குறுக்கே நின்றான். "அதான் கடைசி சைஸு. மெதுவா ஓட்டேன், தாங்கும்."

"தாங்காம நடு ஆத்துல நின்னுச்சுன்னா? உள்ள கைக்குழந்தையோட உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்ட என்ன சொல்ல?"

லேத்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மூணையும் கடைஞ்சிரவாம்மா?"

"மத்த ரெண்டத் தொடாதீங்கண்ணே. இது ஒண்ணு மட்டும்."

"அடுத்த தடவை?" என்றான் தம்பி.

"அடுத்த தடவை கல்லா," என்றாள். "அதுவரைக்கும் பயமில்லாம ஓட்டுறேன்."

கிராங்க்கின் ஒரு முனையைக் குனிந்து அவளே பிடித்தாள். தம்பி மறுமுனையைப் பிடித்தான். இருவருமாகத் தூக்கிக் கடைசல் எந்திரத்தில் வைத்தார்கள்.