ஐந்தாவது நாற்காலி

வாதாடும் வக்கீல் தன் மாப்பிள்ளை என்பதால், மாநிலத்தின் உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து கேட்கவிருந்த ஒரே ஒரு வழக்கிலிருந்து ஒரு நீதிபதி ஒதுங்கிக்கொண்டார். அவர் இடத்தில் ஒரு நாள் உட்கார, அந்த மாநில வழக்கப்படி மாவட்ட நீதிபதி ஒருவரைக் கூப்பிட்டார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

“சீட்டுக் குலுக்கித்தானே எடுத்தாங்க?” என்றாள் மனைவி.

“குலுக்கினாலும் என் பேருதானே வந்துச்சு.”

ஒதுங்கியவர் ஆறடி உயரம். அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்தபோது இவருக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. முகத்தை மட்டும் கம்பீரமாக வைத்துக்கொண்டார்.

வழக்கு ஒரு பஸ் டிரைவருடையது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பூட்டிய வீட்டுக் கதவில் விசாரணை நோட்டீஸை ஒட்டிவிட்டு, வரவில்லை என்று வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கதவில் ஒட்டினாலே போதும் என்ற பழைய தீர்ப்பு ஒன்றை நிர்வாகத்தின் வக்கீல் படித்தார். நல்ல நடை, யாரோ விஷயம் தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார். இரண்டாவது பத்தியில்தான் அந்த மகானுபாவர் தானே என்று உறைத்தது. பதினோரு வருடத்துக்கு முன், பல்வலியோடு, நாலு மணிக்குப் பல் டாக்டரிடம் ஓட வேண்டிய அவசரத்தில் எழுதித் தள்ளியது. அதில் தோற்றவர் ஒரு வாட்ச்மேன். முகம்கூட ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது.

மற்ற நால்வரும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து இவரைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு பழையதையே ஆமோதித்தால் பெருமையோடு வீடு போய்ச் சேரலாம். டிரைவர் வேலை போனது போனதுதான்.

“அந்தத் தீர்ப்பு தப்புங்கய்யா,” என்றார். டிரைவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

“அவ்வளவு தூரம் போய் உங்க மூக்கை நீங்களே உடைச்சுக்கிட்டு வந்தீங்களா?” என்றாள் மனைவி.

அடுத்த மாதம் அவருடைய சொந்தக் கோர்ட்டில் ஒரு வக்கீல் தயங்கித் தயங்கி எழுந்தார். “ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க பழைய தீர்ப்பு தவறுன்னு மேல சொல்லிட்டாங்க. என் கட்சிக்காரர் வழக்கைத் திரும்ப விசாரிக்கணும்.”

பின்னால் தலை நரைத்த ஒருவர் நின்றார். அந்த வாட்ச்மேன். இந்த முறை நீதிபதி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“உங்க விஷயத்துல நான் தப்பு பண்ணிட்டேன். அதனால இதை நானே விசாரிக்கக் கூடாது. வேற நீதிபதியை அனுப்பச் சொல்லி இன்னைக்கே எழுதுறேன்.”

வாட்ச்மேன் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்று இவருக்கே பட்டது.

எழுந்து போகும்போது குமாஸ்தாவிடம் குனிந்து சொன்னார்: “வர்றவருக்குக் கால் தரையில படுதான்னு பாத்து நாற்காலியைச் சரிபண்ணி வைங்க.”