குலுங்காத மாத்திரைப் புட்டி

கம்பாலாவில் எங்கள் கட்வே பகுதிக் கலோலி நாரைகள் பேச ஆரம்பித்த வருடம் தக்காளி விலையும் ஏறியது. ஜனங்கள் முதலில் புலம்பியது தக்காளியைப் பற்றித்தான். குப்பைமேட்டில் வழுக்கைத் தலையும் தொங்கும் தொண்டைப் பையுமாக நிற்கும் அந்தப் பறவைகள் எதையும் விழுங்கும் என்பது ஊருக்கே தெரியும். விழுங்கியதைத் திருப்பிச் சொல்லும் என்பதுதான் புதிது. முதலில் ஒன்று கூரைமேல் நின்று, ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களுடைய பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாவற்றையும் பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி ஒப்பித்தது. பிறகு ஒரு பள்ளிக்கூடம் மாட்டியது, அப்புறம் ஒரு போன் கம்பெனி.

விசாரணைக் குழு போட்டார்கள். வங்கி குமாஸ்தா டீ குடிக்கப் போகும்போது பாஸ்வேர்டைத் திரையிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார். தலைமையாசிரியர் பிள்ளைகளின் விவரங்களை அலுவலகத்துக்கு அனுப்புவதாக நினைத்து, யாரோ ஒருவரின் கல்யாண வசூல் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தார். சிம் வாங்க வந்தவர்களிடம் இரண்டாம் தடவையும் கைரேகை வாங்கி அதை விற்றிருந்தான் போன் கம்பெனி ஆள். இவ்வளவையும் கண்டுபிடித்த பிறகு, குற்றவாளி நாரைகளே என்று குழு முடிவு செய்தது. நாரைக்கு வக்கீல் கிடையாது அல்லவா!

நாக்கிட்டோ சப்பாத்திக்குள் முட்டை வைத்துச் சுருட்டி விற்பவள். அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. தன் கை பட்டதைத் தின்னும் வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிந்தால் கடை அன்றோடு சரி என்று பயந்து, கட்வே மருத்துவமனையை விட்டுவிட்டு, மாதாமாதம் வேனில் இடிபட்டு மிட்யானா பக்கம் போய் மாத்திரை வாங்கினாள். புட்டி குலுங்கிச் சத்தம் போடாமலிருக்கப் பஞ்சு அடைத்துக்கொள்வாள். பல வருடங்கள் அப்படியே ஓடின. அந்த மிட்யானா மருத்துவமனை கம்ப்யூட்டருக்கு மாறியபோது பழைய காகிதங்களைக் கொல்லைக் குழியில் கொட்டினார்கள். எரிப்பதற்குள் மழை வந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டார்கள். நாரைகள் நாளை வரை காத்திருக்கவில்லை.

அதைக் கேள்விப்பட்டதிலிருந்து நாக்கிட்டோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில், கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், அவள் கடை நிழற்குடையின் மேலேயே ஒன்று வந்து உட்கார்ந்தது. பெயர், பிறந்த ஊர், நோய், மாத்திரையின் பெயர், அவள் பொய்யாகக் கொடுத்த முகவரி எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னது. கல்லில் கிடந்த சப்பாத்தி கருகியது. மாதாகோயிலில் பாடும் நமாத்தா வரிசையை விட்டு விலகி, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். முன்னால் நின்ற பைக் டாக்ஸிக்காரன் கிகோங்கோ கொட்டாவி விட்டான்.

"அக்கா, ரெண்டு முட்டை. வெங்காயம் வேணாம்."

"காது அடைச்சுப்போச்சாடா உனக்கு?"

"கேட்டுச்சுக்கா. போன வாரம் என் சின்ன வீட்டு விஷயத்தை என் பொண்டாட்டி முன்னாடியே சொல்லிட்டான் இந்த மொட்டையன். முதுகுல தழும்பு இருக்கு, பாக்குறியா? எத்தனை பேர் கதையைத்தான் கேக்குறது, அலுத்துப்போச்சு."

"அவன் முதுகை அப்புறம் பாரு. கருகுது, திருப்பிப் போடு தாயே, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்றாள் பின்னால் நின்றவள்.

நாக்கிட்டோவுக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருட வேன் பயணம், இத்தனை பஞ்சு! கருகிய சப்பாத்தியை நாரையின் மேல் விட்டெறிந்தாள். அது அதையும் விழுங்கியது.

நமாத்தா சில நாள் கழித்துத் திரும்பி வந்தாள். எதிர்க்கடையில் உப்பு அதிகமாம்.

அடுத்த மாதம் நாக்கிட்டோ கட்வே மருத்துவமனைக்கே நடந்து போனாள். பஞ்சை எடுத்துவிட்டிருந்தாள். வாசலில் நமாத்தா எதிரே வந்தாள். அவள் கைப்பையும் கலகலவென்று குலுங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவர் பையை ஒருவர் பார்த்தார்கள்.

"உள்ள கூட்டமில்ல, சீக்கிரம் போ" என்றாள் நமாத்தா.

மதில்மேல் நின்ற நாரை யாருடைய பெயரையோ சொல்லிக்கொண்டிருந்தது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.